மழலைக்கு மறுமொழி

வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் கைக்குழந்தையிடம் பேசுவது பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். குழந்தை எழுப்பும் ஒலிக்குப் பெரியவர்கள் முகம் பார்த்துப் பதில் பேசுவதே பிற்காலத்தில் அதன் மொழிக்கு அடித்தளமாகிறது என்று சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் வந்தன. அவற்றுள் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளின் உடல்நிலை பேசப்படுவதால் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு மூன்று மாதம் முடிந்திருக்கிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் இன்னும் இங்கேயே இருக்கிறேன். அவள் குரல் கொடுக்கும்போதெல்லாம் எனக்கும் ஏதாவது சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சுற்றிலும் ஆட்கள் இருந்தால் கூச்சமாகிவிடுகிறது. “ஒன்றும் புரியாத பிள்ளையிடம் என்ன பேச்சு?” என்று பெரியம்மா கடிந்துகொள்கிறார். உண்மையிலேயே பயன் உண்டா? உண்டென்றால் என்னதான் பேசுவது?
- இளந்தாய், பாலக்கோடு

பதில்: உங்கள் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே உங்கள் குரலைக் கேட்டுவருகிறாள். கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தை ஒட்டிச் சிசுவின் செவி ஒலியை உணரத் தொடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் குரல்களில் தாயின் குரலே அதற்கு மிகத் தெளிவாகக் கேட்கிறது. 1980-ஆம் ஆண்டு அந்தோணி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரலும் வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரலும் கேட்கும்படி அமைத்துப் பார்த்தார்கள். தாயின் குரல் கேட்கும் விதத்திலேயே அந்தச் சிசுக்கள் அதிகமாகச் சப்பின. ஆகவே உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லும் சொற்களின் பொருள் இன்று புரியாது என்று உங்கள் பெரியம்மா சொல்வது சரிதான். ஆனால் பேசுவது யார் என்பதும், அந்தப் பேச்சு தனக்கானது என்பதும் அவளுக்குப் புரிகின்றன. பொருள் புரிவதும் நாம் நினைப்பதைவிட முன்னதாகவே தொடங்குகிறது. முதல் சொல் வாயில் வருவதற்குப் பல மாதங்கள் முன்பு, ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள்ளாகவே, சில உணவுகளின் பெயர்களும் உடல் உறுப்புகளின் பெயர்களும் குழந்தைக்குப் புரியத் தொடங்குவதாக 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அவள் குரல் கொடுக்கும்போது உங்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த உந்துதலை அடக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அவள் ஓர் ஒலி எழுப்பினால் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, “அப்படியா, பசிக்குதா, அம்மா இதோ வந்துட்டேன்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே அடுத்ததைப் பேசாமல், மனத்துக்குள் ஐந்து வரை எண்ணும் நேரம் காத்திருங்கள். மூன்று மாதக் குழந்தைக்குத் தன் முறையை எடுத்துக்கொள்ள அவ்வளவு நேரம் தேவைப்படும். பெரும்பாலும் அவள் காலை உதைத்தோ, வாயைக் குவித்தோ, மறுபடி குரல் கொடுத்தோ பதில் தருவாள். பேசுவது, நிறுத்துவது, மற்றவர் முறைக்காகக் காத்திருப்பது என்ற உரையாடலின் ஒழுங்கை, சொல் ஒன்றுகூடத் தெரியாத வயதில் அவள் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

இந்தப் பதில் குழந்தைக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் செய்த சோதனை உணர்த்தியது. தாய் சிறிது நேரம் குழந்தையுடன் வழக்கம்போலப் பேசி விளையாடுகிறாள். பிறகு எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்துடன் சும்மா பார்த்துக்கொண்டு அமர்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, குரல் கொடுக்கிறது, கையை நீட்டுகிறது. ஒன்றுக்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்குகிறது. ஓரிரு நிமிடத்தில் நடந்து முடிகிற சோதனை அது. வேலை மும்முரத்தில் நாம் எப்போதாவது பதில் தராமல் போவதால் குழந்தைக்கு எந்தக் கேடும் வந்துவிடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சோதனையைப் பற்றிப் படித்துவிட்டு வீணாகக் குற்ற உணர்ச்சி கொள்ளும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

என்ன பேசுவது என்று கேட்டால், உங்கள் வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரைக் கவனியுங்கள் என்பேன். கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீரை மொண்டு ஊற்றும் பாட்டி ஒருவர் வாய் மூடி அந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. கையைத் தேய்க்கும்போது கையைப் பற்றியும், காலை நீவும்போது காலைப் பற்றியும், தண்ணீர் விழுகிற நொடியில் தண்ணீரைப் பற்றியும், அழுதால் அழுகையைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பார். சொல்லும் பொருளும் ஒரே நேரத்தில் குழந்தையின் உடலில் வந்து சேரும் தருணம் அதைவிட வேறில்லை. அதையே பால் கொடுக்கும்போதும், துணி மாற்றும்போதும், அவளை அருகில் கிடத்திக்கொண்டு கேழ்வரகு புடைக்கும்போதும் நீங்கள் தொடரலாம். கையில் இருப்பது என்ன, செய்வது என்ன, அவள் பார்ப்பது என்ன என்ற மூன்றும் உங்கள் பேச்சுக்கு ஆண்டு முழுவதும் போதும். கூச்சம் இருந்தால் தனித்திருக்கும்போது தொடங்குங்கள். குழந்தை சிரிக்கத் தொடங்கியபின் உங்கள் பெரியம்மாவும் வந்து சேர்ந்துகொள்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: குழந்தையிடம் “மம்மு”, “இங்கா”, “ஜோஜோ” என்று பேசலாமா, சோறு, பால், தூக்கம் என்று சரியான சொற்களைத்தான் பழக்க வேண்டுமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இரண்டையும் சொல்லலாம். குழந்தையிடம் பேசும்போது பெரியவர்களின் குரல் தானாகவே உயர்கிறது, வேகம் குறைகிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன. பல மொழிகளில் இது காணப்படுகிறது. குழந்தைகள் இத்தகைய பேச்சையே விரும்பிக் கேட்கிறார்கள் என்பதும், ஒலிகளைப் பிரித்தறிய இது உதவுகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்தவை. ஆகவே ராகம் இழுத்துப் பேசுவதைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. “மம்மு” என்ற சொல்லாலும் தீங்கில்லை. ஓராண்டு நெருங்கியபின், “மம்மு வேணுமா? சோறு சூடா இருக்கு, அம்மா ஊதித் தரேன்” என்பதுபோல முழு வாக்கியத்துக்குள் வைத்துச் சொன்னால் சோறும் தானாக வந்துவிடும். குழந்தையின் திருந்தாத உச்சரிப்பைக் கேலிசெய்து திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். அது சொன்னதை நீங்கள் சரியான ஒலியுடன் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தால் போதும்.

கேள்வி: என் மகனும் மருமகளும் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள். பதினான்கு மாதப் பேரன் எங்களிடம் வளர்கிறான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்தான் எழுதித் தருகிறாள். செல்போனில் பாட்டு ஓடினால்தான் பையன் சாப்பிடுகிறான். அதில் தமிழும் ஆங்கிலமும் வருவதால் பேச்சு சீக்கிரம் வரும் என்கிறார்கள். இரவு பெற்றோர் வீடியோவில் கூப்பிடுகிறார்கள். இது போதுமா?
- பாட்டி, அரூர் வட்டம்

பதில்: அம்மா, செல்போன் பாட்டால் பேச்சு சீக்கிரம் வரும் என்று சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் ஆய்வுகள் அதற்கு எதிராகவே இருக்கின்றன. பேட்ரீசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-இல் ஒன்பது மாதக் குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருடன் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் வந்து அமர்ந்து, பேசி, விளையாடினார்கள். மற்றவர்களுக்கு அதே ஆட்கள் பேசிய அதே பேச்சு தொலைக்காட்சித் திரையிலும் ஒலிப்பதிவிலும் அதே அளவு நேரம் காட்டப்பட்டது. நேரில் பழகிய குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைக் கற்றுக்கொண்டார்கள். திரையில் பார்த்தவர்களும் பதிவைக் கேட்டவர்களும் ஒன்றும் கற்கவில்லை. காரணம் எளிது. உங்கள் பேரன் கையை நீட்டினால் திரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் “ஆ” என்றால் அது நின்று பதில் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையிலும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் கூறியிருக்கிறது.

பெற்றோரின் வீடியோ அழைப்பை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே பேசுகிறவர் குழந்தையைப் பார்க்கிறார், அது செய்வதற்குப் பதில் தருகிறார். இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் இத்தகைய நேரடி அழைப்பின் வழியாகப் புதிய சொற்களைக் கற்றதையும், பதிவுசெய்த படத்திலிருந்து கற்காததையும் 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. உங்கள் பேரனின் வயதுக்கு அது மட்டும் போதாது. பக்கத்தில் நீங்கள் இருந்து பாலமாக வேண்டும். அவனை மடியில் வைத்துக்கொண்டு, “அப்பா பாரு, அப்பா தொப்பி போட்டிருக்கார்” என்று விரல் நீட்டிச் சொல்லுங்கள். அவன் கையில் இருப்பதைப் பார்த்து அவர்கள் கேட்கட்டும்: “என்ன வெச்சிருக்க, பந்தா?” என்று. பெரியவர்கள் தங்களுக்குள் வீட்டு நிலவரம் பேசி முடித்துக் கடைசியில் “டாட்டா சொல்லு” என்று மட்டும் அவனிடம் கேட்கும் அழைப்பால் பயனில்லை. தொலைவில் இருக்கும் அந்த இளம் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது: முதல் ஐந்து நிமிடம் பையனுக்கு, பிறகு கணக்கு வழக்கு.

எழுதப் படிக்கத் தெரியாதது ஒரு குறையே அல்ல. இந்த வயதுக்கு வேண்டியது புத்தகம் படித்துக் காட்டுகிறவர் மட்டுமல்லர். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசுகிறவர். ஆட்டுக்குட்டி, கோழி, புளி உடைக்கும்போது சிதறும் கொட்டை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, களி கிண்டும்போது எழும் ஆவி என்று உங்கள் வீட்டில் நாள்தோறும் அவன் கண் போகும் இடங்கள் நகரத்து வீட்டைவிட அதிகம். அவன் விரல் நீட்டும்போது அந்தப் பொருளின் பெயரைச் சொல்லி, மேலும் ஒரு சொல்லைக் கூட்டுங்கள்: “குட்டி. குட்டி பால் குடிக்குது.” அவன் விரலையோ பார்வையையோ பின்தொடர்ந்து சொல்லப்படும் பெயர்கள், நாம் அவன் முகத்தைத் திருப்பிக் காட்டிச் சொல்லும் பெயர்களைவிட எளிதாக மனத்தில் நிற்கின்றன.

சாப்பாட்டு நேரத்துச் செல்போனை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு இரண்டாகிவிடும். முதலில் காலை வேளையில் மட்டும் நிறுத்துங்கள். அவனை வாசலில் உட்காரவைத்து, அவன் கையிலும் ஒரு கவளம் கொடுத்து, காக்கைக்கும் கோழிக்கும் பங்கு போட்டு ஊட்டுங்கள். இரண்டொரு வாரத்தில் மதியத்துக்கு வரலாம். சில நாள் குறைவாகச் சாப்பிடுவான். பசித்தால் கேட்பான், அப்படிக் கேட்பதும் பேச்சுதான்.

கேள்வி: என் பெண் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், பல நாள் சிறப்பு சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இப்போது பத்து மாதமாகிறது. உறவினர் வீட்டுப் பத்து மாதப் பிள்ளை “தாத்தா” என்று அடுக்குகிறது. இவள் இன்னும் “பா… பா…” என்றுதான் சொல்கிறாள்.
- தாய், காரிமங்கலம்

பதில்: நிறைமாதம் 40 வாரம் என்றால் உங்கள் மகள் இரண்டு மாதம் முன்னதாக வந்திருக்கிறாள். குறைப்பிரசவக் குழந்தையின் வளர்ச்சியை இரண்டு வயது வரை அந்த இரண்டு மாதத்தைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். எட்டு மாதக் குழந்தை “பா… பா…” என்பது ஒழுங்கான வளர்ச்சி. ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்குச் செவித்திறன் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், செவிப் பரிசோதனை நடந்ததா என்று வெளியேற்றச் சீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தை பள்ளிக்குப் போகும் முன் 3 கோடி சொற்களைக் கேட்க வேண்டும், இல்லையேல் பின்தங்கிவிடும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவள். ஆசிரியர் வேலைக்கும் போய் வருகிறேன். கவலையாக இருக்கிறது.
- தாய், ஊத்தங்கரை

பதில்: அந்தச் செய்தியின் மூலம் 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் சென்று, குழந்தையிடம் பேசப்பட்ட பேச்சைப் பதிவு செய்தார்கள். வசதியான குடும்பத்துக் குழந்தைக்கும் வறிய குடும்பத்துக் குழந்தைக்கும் இடையே சில ஆண்டுகளில் சேரும் வேறுபாடு ஏறக்குறைய 3 கோடிச் சொற்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. அதாவது அது இரண்டு தரப்புக்கு இடையிலான இடைவெளியின் மதிப்பீடு. ஒவ்வொரு குழந்தையும் எட்ட வேண்டிய இலக்கு என்று அவர்கள் சொல்லவில்லை. வறிய குடும்பங்கள் மிகச் சிலவற்றை மட்டுமே பார்த்து எழுதியது, வீட்டில் மற்றவர்கள் பேசுவதைக் கணக்கில் எடுக்காதது என்று அந்த ஆய்வின்மீது பின்னாளில் வலுவான விமர்சனங்களும் எழுந்தன.

உங்களுக்கு ஆறுதலாக இருக்கக்கூடியது 2018-இல் வந்த வேறோர் ஆய்வு. நான்கு முதல் ஆறு வயதுக்குட்பட்ட 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, கதை கேட்கும்போது அவர்களின் மூளை எவ்வாறு இயங்குகிறது என்பதையும் படமெடுத்துப் பார்த்தார்கள். மொழிக்கான மூளைப்பகுதியின் இயக்கத்தோடு தொடர்புடையதாக இருந்தது கேட்ட சொற்களின் எண்ணிக்கை அல்ல. பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிக்கொண்ட முறைகளின் எண்ணிக்கை. பெற்றோரின் வருமானத்தைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு அப்படியே இருந்தது. அதிகம் பேசாத தாய் ஒருத்தி குழந்தை சொல்வதைக் கவனித்துக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பதில் தந்துவந்தால், ஓயாது பேசிக்கொண்டே குழந்தைக்கு வாய்ப்புத் தராத ஒருவரைவிட நன்றாகவே செய்கிறாள் என்பது என் கருத்து. வேலையிலிருந்து திரும்பியதும் கிடைக்கும் முதல் கால் மணி நேரத்தைக் கைப்பேசி இல்லாமல் குழந்தைக்குக் கொடுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: நான் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் வீட்டு மொழி தெலுங்கு, என் மனைவி கன்னடம் பேசும் குடும்பம், தெருவில் தமிழ். ஒன்பது மாத மகனிடம் யார் எந்த மொழியில் பேசுவது என்று வீட்டில் விவாதம். “மூன்று மொழி என்றால் பிள்ளை குழம்பிப் பேச்சே வராது, இப்போதிருந்தே ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பள்ளிக்கு உதவும்” என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
- தந்தை, ஓசூர்

பதில்: ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனஹள்ளிப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் தெருவுக்குத் தெரு மாறிக் கேட்கின்றன, அங்கே சந்தைக்குப் போகும் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கூட மூன்று மொழிகளில் பேரம் பேசுகிறார். பல மொழி கேட்டால் பேச்சு வராது என்பது உண்மையாக இருந்தால் அந்த வட்டாரமே ஊமையாகியிருக்கும்.

பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தையின் செவி எந்த மொழியின் ஒலிகளையும் பிரித்தறியும் நிலையில் இருக்கிறது. 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் ட, த போன்ற ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவர்கள் பிரித்தறியத் திணறும் அந்த வேறுபாட்டை ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் எளிதில் உணர்ந்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. தம்மைச் சுற்றி ஒலிக்கும் மொழிக்கு ஏற்பச் செவி பழகிவிட்டது. உங்கள் மகன் இப்போது அந்தப் பருவத்தின் நடுவில்தான் இருக்கிறான். அவன் நேரில் கேட்கும் மூன்று மொழிகளும் அவன் செவியில் இடம்பிடிக்க இதைவிட நல்ல காலம் இல்லை.

பல மொழிகளில் வளரும் குழந்தை, ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாக எண்ணினால், ஒரே மொழிக் குழந்தையைவிடக் குறைந்த சொற்களை அறிந்திருக்கலாம். எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணினால் பொதுவாகக் குறைவு இருப்பதில்லை. “நீள்ளு” என்பதும் “தண்ணி” என்பதும் இரண்டு சொற்கள். ஒரே வாக்கியத்தில் தெலுங்கையும் கன்னடத்தையும் அவன் கலந்தால் அது குழப்பத்தின் அடையாளமல்ல. கையில் இருக்கும் சொல்லை எடுத்துப் பயன்படுத்துகிறான், நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆகவே நீங்கள் தெலுங்கிலும் உங்கள் மனைவி கன்னடத்திலும் பேசுங்கள். தமிழைத் தெருவும் அங்கன்வாடியும் தந்துவிடும். தமிழ் பேசும் பக்கத்து வீட்டாருடன் அவனைப் பழகவிடுங்கள்.

ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை. எந்த மொழியில் உங்களால் கொஞ்ச முடியுமோ, கதை கட்ட முடியுமோ, குழந்தை விழுந்து அழும்போது யோசிக்காமல் ஆறுதல் சொல்ல முடியுமோ அந்த மொழியில் பேசும்போதுதான் குழந்தைக்கு நீண்ட, உயிருள்ள வாக்கியங்கள் கிடைக்கின்றன. “கம்”, “சிட்”, “ஈட்”, “நோ” என்று நான்கைந்து கட்டளைகளுக்குள் முடிந்துவிடும் ஆங்கிலத்தால் குழந்தைக்கு ஆங்கிலமும் வருவதில்லை. பாட்டியுடன் பேசவும் மொழி இல்லாமல் போகிறது. வீட்டு மொழி நன்றாக ஊன்றிய பிள்ளை பள்ளியில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்வான்.

கேள்வி: எங்கள் மையத்துக்கு வரும் தாய்மார்களில் பலர் விடியற்காலையிலேயே ரோஜாத் தோட்டத்துக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள். “பிள்ளையிடம் பேசுங்கள்” என்று மாதக் கூட்டத்தில் சொன்னால், “அதற்கு எங்கே நேரம்?” என்கிறார்கள். எப்படிச் சொல்வது?
- அங்கன்வாடி பணியாளர், தேன்கனிக்கோட்டை வட்டம்

பதில்: அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பேசுவதற்கென்று தனி நேரம் ஒதுக்கச் சொல்வதால்தான் அது எட்டாததாகத் தெரிகிறது. ஏற்கெனவே செய்யும் வேலையோடு பேச்சைச் சேர்க்கச் சொல்லுங்கள்: தலை வாருவது, சட்டை மாட்டுவது, இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது. அதையும் சொற்பொழிவாகச் சொல்லாமல் செய்துகாட்டுங்கள். கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய் ஒருவரிடம் அவர் குழந்தையையே மடியில் முகம் பார்க்க வைத்துக்கொள்ளச் சொல்லி, அது எழுப்பும் ஒலியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழந்தை மறுபடி குரல் கொடுக்கும் அந்த நொடியைச் சுற்றியிருப்பவர்கள் பார்த்துவிட்டால் நீங்கள் விளக்க வேண்டியது அதிகம் இருக்காது. தாயைத் தன் குழந்தையோடு செய்யவைத்து, செய்ததைப் பாராட்டும் இந்த முறையைத்தான் யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் தங்கள் குழந்தை வளர்ச்சிப் பயிற்சியில் கையாள்கின்றன. பகலில் குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவரையும் அழையுங்கள். பாட்டியோ, பள்ளி விட்டு வரும் அக்காவோ, வேலை இல்லாத நாளில் தந்தையோ பேசினாலும் குழந்தைக்கு அது பேச்சுதான். கைதட்டி விளையாடுவதும், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விரல்களுக்குப் பங்கு போடுவதும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவையே பாடம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம். “அம்மா” என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. அதையும் எப்போதாவதுதான் சொல்கிறான். “இவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்” என்கிறார் மாமியார். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார்கள். நாக்கு ஒட்டியிருப்பதாகவும், அதை அறுத்துவிட்டால் பேச்சு வரும் என்றும் ஒருவர் சொன்னார். நான் என் தாய்மாமனையே மணந்தவள். அதனால் இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.
- தாய், பென்னாகரம்

பதில்: சகோதரி, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் மகனின் செவித்திறனைப் பரிசோதியுங்கள். பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் அதுதான் முதல் படி. பாத்திரத்தைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். பாத்திரத்தின் ஓசை மிகப் பெரியது. அதன் அதிர்வும் குழந்தைக்குத் தெரியும். அந்த ஓசை கேட்கிற குழந்தைக்குப் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடத்தில் முடியும் ஓ.ஏ.இ. சோதனையும், குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனைகள் ஒட்டிச் செவி நரம்பின் இயக்கத்தைப் பதிவுசெய்யும் பெரா சோதனையும் வலி இல்லாதவை. பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகோல். உங்கள் மகன் அந்த வயதைக் கடந்துவிட்டான் என்பதால் இனிக் காத்திருப்பதற்கு இடமில்லை.

நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே செவித்திறன் குறைபாடு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் அப்படி மணந்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. இது உங்கள் மீதோ உங்கள் கணவர் மீதோ பழி சொல்வதற்கான செய்தி அல்ல. சோதனையைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கான காரணம். பிறக்கும்போது கேட்ட காதும், அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதால் பின்னர் மந்தமாகலாம். குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் ஊற்றுவதையும், வாயால் ஊதுவதையும், கொண்டை ஊசியால் குடைவதையும் நிறுத்திவிடுங்கள்.

வசம்பு வேண்டாம். அதிலுள்ள ஆசரோன் என்ற வேதிப்பொருள் நச்சுத்தன்மை உடையது. வசம்பு கொடுத்த குழந்தைகளுக்கு வாந்தி வருவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அது பேச்சை வரவழைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. தேனை ஒரு வயது நிறையாத எந்தக் குழந்தைக்கும் நாக்கில் தடவக்கூடாது. பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும். நாக்கு ஒட்டியிருப்பது சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பதிலோ, பின்னாளில் சில எழுத்துகளை உச்சரிப்பதிலோ இடைஞ்சல் தரலாம். சொற்களே வராமல் போவதற்கு அது காரணமாவதில்லை. மருத்துவர் அல்லாத யாரிடமும் நாக்கை அறுக்கக் கொடுக்காதீர்கள்.

அப்பன் நாலு வயதில் பேசினான் என்பதைப் பற்றி: தாமதமாகப் பேசிப் பின்னர் எல்லாரையும்போல ஆனவர்கள் உண்டு, ஆண் குழந்தைகள் சராசரியாகப் பெண் குழந்தைகளைவிடச் சற்றுப் பின்னால் வருவதும் உண்டு. ஆனால் அவர்களுள் உங்கள் மகனும் ஒருவனா என்பதைக் காத்திருந்து தெரிந்துகொள்ள முடியாது. ஓராண்டு நிறைவில் மழலை ஒலியோ விரல் நீட்டலோ இல்லாமல் இருப்பது, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வராமல் இருப்பது, இரண்டு வயதில் “பால் வேணும்” போல இரண்டு சொற்களைச் சேர்க்காமல் இருப்பது, எந்த வயதிலும் வந்த பேச்சு மறைந்துபோவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் முன் இவற்றைக் கவனித்து வையுங்கள்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, உங்கள் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறானா, “செருப்பை எடுத்து வா” என்று கையசைவு இல்லாமல் சொன்னால் புரிந்துகொள்கிறானா. புரிதலும் சைகையும் நன்றாக இருந்து சொல் மட்டும் குறைவாக இருக்கும் குழந்தைக்கும், அவையும் குறைவாக உள்ள குழந்தைக்கும் வேண்டிய உதவி வேறு வேறு. ஆட்டிசம் போன்ற வளர்ச்சி வேறுபாடுகளை இந்த வயதிலேயே கண்டறிய முடியும்.

2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். மேல் பரிசோதனை தேவைப்படுகிறவர்களுக்காக மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் இயங்குகிறது. அடுத்த முகாம் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே சென்று, குழந்தைகள் நலப் பிரிவிலோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவிலோ “பேச்சு வரவில்லை, செவித்திறன் பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டை, பிரசவத்தின்போது தந்த சீட்டு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். குறைபாடு உறுதியானால் காது கேட்கும் கருவியும் பேச்சுப் பயிற்சியும் முதலில் வரும். கருவியால் பயன் இல்லாத அளவுக்குக் குறைபாடு கடுமையாக இருந்தால் உட்செவியில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்கு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, அந்தக் காப்பீட்டிலேயே வழி உண்டு. இரண்டு மூன்று வயதுக்குள் செய்துகொண்டவர்களுக்கே பேச்சு நன்றாக வருகிறது என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

செவி நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், பேச்சுப் பயிற்சியாளர் சொல்வதோடு வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவன் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, “தண்ணி வேணுமா?” என்று கேட்டு, அவன் பார்வையாலோ கையாலோ ஒலியாலோ ஏதாவது சொல்லும்வரை காத்திருந்து, சொன்ன உடனே, “தண்ணி! இந்தா, தண்ணி” என்று கொடுங்கள். “சொன்னால்தான் தருவேன்” என்று அழவைப்பது வேண்டாம். ஒரு சிறு சைகை போதும். பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதைப் பார்த்த பின் சொல்கிறேன்.